ஜேம்ஸ் வாட்டுக்கு முந்தைய நீராவி இறைப்பு எஞ்சின்கள்: அவற்றின் வரலாற்றை எப்படி ஆராய்வது?

கேள்வியின் சாரம் இது: "நீராவி எஞ்சின் என்றால் ஜேம்ஸ் வாட் என்றுதான் படித்தோம். அவருக்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே இங்கிலாந்தின் சுரங்கங்களில் நீராவியை வைத்துத் தண்ணீர் இறைத்திருக்கிறார்கள் என்று இப்போதுதான் தெரிகிறது. இணையத்தில் தேடினால் ஆளுக்கொரு ஆண்டு, ஆளுக்கொரு கதை. முறையாக ஆராய வேண்டுமானால் எங்கே தொடங்குவது, எதை நம்புவது?"

சுருக்கமாகச் சொன்னால், புகழ் பாட எழுதியதை ஓரமாக வைத்துவிட்டுப் பணத்துக்காக எழுதியதைத் தேடுங்கள். குத்தகைப் பத்திரம், பேரேடு, காரியஸ்தருக்கு முதலாளி போட்ட கடிதம், செய்தித்தாள் விளம்பரம், வரிச் சலுகைச் சட்டம் ஆகியவைதான் இந்தத் துறையில் உறுதியான தரை. கண்டுபிடித்தவரின் மேதைமை, திடீரென்று தோன்றிய யோசனை, சுட்டிப் பையன் என்று வரும் கதைகளில் பெரும்பாலானவை பத்து இருபது ஆண்டுகள், சில சமயம் எண்பது ஆண்டுகள் கழித்து வந்து ஒட்டிக்கொண்டவை. எப்படி என்று உதாரணங்களோடு சொல்கிறேன்.

முதலில் ஆட்கள். தாமஸ் சேவரி 1698 ஜூலையில் "தீயைக் கொண்டு தண்ணீரை உயர்த்துவதற்கு" 14 ஆண்டுக் காப்புரிமை பெற்றார். மறு ஆண்டே நாடாளுமன்றம் தனிச்சட்டம் போட்டு அதற்கு 21 ஆண்டு கூட்டிக் கொடுத்தது; ஆக 1733 வரை உரிமை. அவருடைய கருவியில் பிஸ்டன் கிடையாது. மூடிய பாத்திரத்தில் நீராவியை நிரப்பி வெளிப்புறத்தில் குளிர்ந்த நீரை ஊற்றினால் உள்ளே வெற்றிடம் உண்டாகும், கீழேயிருந்து தண்ணீர் ஏறி வரும். பிறகு அழுத்தமான நீராவியை விட்டு அதை மேலே தள்ள வேண்டும். உறிஞ்சுவது முப்பது அடிக்குள்தான் நடக்கும்; தள்ளுவதற்கு வேண்டிய அழுத்தத்தை அன்றைய பற்றவைத்த மூட்டுகள் தாங்கவில்லை. ஆழமான சுரங்கத்துக்கு அது உதவவில்லை.

உதவியது டார்ட்மத் ஊர் இரும்பு வியாபாரி தாமஸ் நியூகோமனும் அவருடைய கூட்டாளி ஜான் காலியும் செய்த எஞ்சின். 1712-ல் ஸ்டாஃபோர்ட்ஷயர் நிலக்கரிப் பகுதியில், டட்லி கோட்டைக்கு அருகே அது ஓடியது. நம் ஊர் ஏற்றத்தின் துலாவை மனதில் வைத்துக்கொண்டால் அமைப்பு எளிதாகப் பிடிபடும். துலாவின் ஒரு முனையில் சுரங்கத்துக்குள் இறங்கும் பம்பின் கனமான தண்டுகள். மறுமுனையில் சங்கிலியில் தொங்கும் பிஸ்டன். மேற்புறம் திறந்த சிலிண்டருக்குள் அது ஏறி இறங்கும். தண்டுகளின் கனமே பிஸ்டனை மேலே இழுத்துவிட, அடியிலுள்ள பாய்லரிலிருந்து நீராவி சிலிண்டரை நிரப்பும். வால்வை மூடிக் குளிர்ந்த நீரை உள்ளே பீய்ச்சியதும் நீராவி சட்டென்று நீராகச் சுருங்கும். உள்ளே வெற்றிடம், மேலே காற்று மண்டலத்தின் அழுத்தம். பிஸ்டன் கீழே போகும், பம்புத் தண்டு மேலே வரும், தண்ணீரும் வரும். வேலையைச் செய்வது காற்றுதான் என்பதால் நீராவிக்குப் பெரிய அழுத்தம் தேவையில்லை. பியர் காய்ச்சுபவர்கள் வைத்திருந்த செம்புக் கொப்பரையை ஒத்த பாய்லரே போதுமானதாக இருந்தது.

இப்போது ஆய்வாளர் விழக்கூடிய முதல் கண்ணி. நியூகோமனின் காப்புரிமையைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள், அப்படி ஒன்று கிடையாது. சேவரி, நியூகோமன், காலி மூவரும் சேர்ந்து 1705-ல் காப்புரிமை எடுத்ததாகப் பழைய புத்தகங்கள் சிலவற்றில் இருக்கிறது. அது ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியது. உண்மை என்னவென்றால், சேவரியின் உரிமையில் கருவியைப் பற்றிய தொழில்நுட்ப விவரமே கேட்கப்படவில்லை; "தீயின் விசையால் தண்ணீரை உயர்த்துவது" முழுவதும் அவருக்கே சொந்தம் என்பதுபோல விரிவாக எழுதப்பட்டிருந்தது. அதனால் முற்றிலும் வேறான எஞ்சினைச் செய்த நியூகோமனும் அந்தக் குடையின் கீழேதான் வியாபாரம் செய்ய வேண்டியிருந்தது. சேவரி 1715-ல் இறந்த பிறகு உரிமை ஒரு பங்குதாரர் குழுவின் கைக்குப் போனது. எஞ்சின் வேண்டிய சுரங்க முதலாளிகள் அந்தக் குழுவிடம்தான் ஒப்பந்தம் போட்டார்கள். ஆய்வாளருக்கு இது அதிர்ஷ்டம். காசு கைமாறிய இடத்திலெல்லாம் தாள் மிஞ்சும்.

இன்னொரு சிறு எச்சரிக்கை: சேவரியின் காப்புரிமை எண் 356, வாட்டுடையது 913 என்று பார்ப்பீர்கள். அந்த எண்கள் 1850-களில் காப்புரிமை அலுவலக அதிகாரி பென்னட் உட்கிராஃப்ட் பழைய காப்புரிமைகளுக்கெல்லாம் வரிசை எண் போட்டபோது வந்தவை. 1720-ஆம் ஆண்டுக் கடிதம் என்று ஒருவர் காட்டும் தாளில் "காப்புரிமை எண் 356" என்று இருந்தால் அது போலி.

பங்குதாரர் குழுவின் ஒரு விளம்பரத்தைத்தான் நான் எல்லாருக்கும் முதல் ஆவணமாகக் காட்டுவேன். 1716 ஆகஸ்டில் அரசு இதழான லண்டன் கெசட்டில் வந்தது. தீயால் தண்ணீர் உயர்த்தும் கண்டுபிடிப்பு நன்றாகத் தேறிவிட்டது, ஸ்டாஃபோர்ட், வாரிக், கார்ன்வால், ஃப்ளின்ட் ஆகிய மாவட்டங்களில் இப்போது எஞ்சின்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன என்று அதில் சொல்கிறார்கள். விளம்பரம்தானே, மிகைப்படுத்தாமல் இருப்பார்களா என்று கேட்கலாம். "தேறிவிட்டது" என்பதை நம்ப வேண்டாம். ஆனால் மாவட்டப் பெயர்களில் பொய் சொல்வது அவர்களுக்குக் கட்டுப்படியாகாது. வாங்க வருபவர் நேரில் போய்ப் பார்க்கத்தானே கேட்பார். நான்கு ஆண்டுக்குள் எஞ்சின் எங்கெங்கே பரவியது என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி கிடைப்பது அரிது. லண்டன் கெசட்டின் பழைய இதழ்கள் இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன.

அடுத்து, எல்லாப் புத்தகத்திலும் வரும் அந்தப் படம். தாமஸ் பார்னி 1719-ல் செதுக்கி அச்சிட்ட டட்லி எஞ்சின் படம். இதில் முதலில் கவனிக்க வேண்டியது, 1712-ல் நிறுவிய எஞ்சினுக்கு 1719-ல் வரைந்த படம் என்பது. ஏழு ஆண்டில் எஞ்சினில் என்னென்ன மாற்றினார்கள் என்று படம் சொல்லாது. இருந்தாலும் அளவுகள் அருமையானவை: சிலிண்டர் விட்டம் 21 அங்குலம், உயரம் 7 அடி 10 அங்குலம், நிமிடத்துக்கு 12 வீச்சு (பிஸ்டன் ஒருமுறை ஏறி இறங்குவது ஒரு வீச்சு), வீச்சுக்கு 10 காலன் தண்ணீர், 51 கெஜ ஆழத்திலிருந்து.

இதை வைத்துக் கணக்குப் போடுங்கள். 51 கெஜம் என்றால் 153 அடி. காலனுக்கு 10 ராத்தல் (பவுண்டு எடை) என்று வைத்தால் நிமிடத்துக்கு 1,83,600 அடி-ராத்தல். நிமிடத்துக்கு 33,000 அடி-ராத்தல் ஒரு குதிரைத்திறன்; அதனால் வகுத்தால் ஐந்தரைக் குதிரைத்திறன். புத்தகங்களில் வரும் "5.5 குதிரைத்திறன்" இப்படி வந்ததுதான். ஆனால் 10 ராத்தல் காலன் 1824-ல்தான் சட்டமானது. அதற்கு முன் பியருக்கு ஒரு காலன் (282 கன அங்குலம்), ஒயினுக்கு ஒரு காலன் (231 கன அங்குலம்) என்று புழங்கின. பியர் காலன் என்றால் விடை கிட்டத்தட்ட மாறாது. ஒயின் காலன் என்றால் 4.6-க்கு இறங்கிவிடும். உலகத்தின் முதல் வெற்றிகரமான நீராவி எஞ்சினின் திறன் எந்தக் காலனை எடுத்துக்கொள்கிறோம் என்பதைப் பொறுத்து ஆறில் ஒரு பங்கு குறைகிறது. எந்தப் புத்தகத்திலாவது இந்த எண்ணைப் பார்த்தால், ஆசிரியர் எந்தக் காலனை எடுத்தார் என்று சொல்லியிருக்கிறாரா என்று பாருங்கள். சொல்லாதவர்கள்தான் அதிகம்.

சமகாலத்தவர் எழுதிய விவரிப்புகளில் இரண்டு பேர் முக்கியம். ஒருவர் டெசாகுலியர். பிரான்சிலிருந்து மதத் துன்புறுத்தலுக்குத் தப்பி வந்த புராட்டஸ்டண்டுக் குடும்பம், லண்டன் விஞ்ஞானிகள் சங்கமான ராயல் சொசைட்டியில் பரிசோதனைகள் செய்து காட்டியவர். அவருடைய இயற்பியல் நூலின் இரண்டாம் தொகுதி 1744-ல் வந்தது. இன்னொருவர் ஸ்வீடன்காரர் மோர்ட்டன் ட்ரீவால்ட். நியூகாசில் பக்கம் காலியின் மகனோடு எஞ்சின் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பி, டானமோரா இரும்புச் சுரங்கத்தில் தானே ஒன்று கட்டினார். 1734-ல் அதைப் பற்றி ஸ்வீடிஷ் மொழியில் ஒரு சிறுநூல் எழுதினார். 1928-ல் எஞ்சினியரிங் வரலாற்றுக்கான நியூகோமன் சொசைட்டி அதை ஆங்கிலத்தில் கொண்டுவந்தது.

இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள், ஆராய்ச்சி என்றால் என்ன என்று அதிலேயே விளங்கிவிடும். குளிர்ந்த நீரைச் சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சும் முறை எப்படி வந்தது என்பதற்கு இருவரும் விபத்தைத்தான் காரணமாகச் சொல்கிறார்கள். டெசாகுலியர் கதையில், எஞ்சின் திடீரென்று வேகமாகச் சில வீச்சுகள் ஓடியது. தேடிப் பார்த்தால் பிஸ்டனில் ஓர் ஓட்டை, மேலே அடைப்புக்காக நிறுத்திவைத்திருந்த தண்ணீர் அதன் வழியே உள்ளே ஒழுகியிருக்கிறது. ட்ரீவால்ட் கதையில் ஓட்டை சிலிண்டரில். வார்ப்பில் இருந்த குறையை வெள்ளீயத்தால் அடைத்திருந்தார்கள், அது உருகி, சுற்றியிருந்த குளிர்நீர் உள்ளே பாய்ந்து, பிஸ்டன் இறங்கிய வேகத்தில் சங்கிலி அறுந்து பாய்லரே நசுங்கியது. எது நடந்தது? இருவரும் அந்த இடத்தில் இல்லை. ஆனால் கேள்விப்பட்டது வெவ்வேறு வழியில் என்றாலும் இரண்டிலும் பொதுவாக ஒன்று நிற்கிறது: அதற்கு முன் சிலிண்டரை வெளிப்புறத்திலிருந்துதான் குளிர்வித்தார்கள், எதிர்பாராமல் உள்ளே போன நீர் வழி காட்டியது. அந்த அளவுக்குத்தான் நான் எடுத்துக்கொள்வேன். சங்கிலி அறுந்தது சுவையான விவரம், அவ்வளவே.

டெசாகுலியரின் மனச்சாய்வையும் கணக்கில் கொள்ளுங்கள். நியூகோமனும் காலியும் காரணம் புரிந்துகொள்ளும் அளவுக்குத் தத்துவம் படித்தவர்கள் அல்லர், கணக்கிடும் அளவுக்குக் கணிதம் அறிந்தவர்கள் அல்லர், தற்செயலாகத்தான் கிடைத்தது என்று எழுதுகிறார். படித்தவர் கைத்தொழிலாளியைப் பார்க்கும் பார்வை அது. ட்ரீவால்டோ நியூகோமன் பத்து ஆண்டு தொடர்ந்து இதில் உழைத்தார் என்கிறார். எஞ்சினைத் தன் கையால் கட்டியவருக்குத்தான் அதற்கு எவ்வளவு உழைப்பு வேண்டும் என்று தெரியும் என்பது என் அபிப்பிராயம்.

டெசாகுலியரின் எண்களும் அப்படித்தான். 1711-ல் வாரிக்ஷயர் கிரிஃப் சுரங்கத்தில் 500 குதிரைகளை வைத்து ஆண்டுக்கு 900 பவுண்டு செலவில் தண்ணீர் இறைத்தார்கள் என்கிறார். வகுத்துப் பாருங்கள். ஒரு குதிரைக்கு ஆண்டுக்கு இரண்டு பவுண்டுகூட வரவில்லை, தீவனத்துக்கே காணாது. 50 என்பது அச்சில் 500 ஆகியிருக்க வேண்டும் என்றே பலரும் கொள்கிறார்கள். இருந்தும் "500 குதிரைகளுக்குப் பதில் ஒரே எஞ்சின்" என்ற வரி இன்றுவரை புதுப் புத்தகங்களில் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஹம்ஃப்ரி பாட்டர் என்ற பையன் கதையும் அவரிடமிருந்து தொடங்கியதுதான். வால்வைத் திறந்து மூடும் வேலையில் இருந்த பையன், துலாவே வால்வைத் திறக்கும்படி ஒரு கொக்கியைக் கட்டிவிட்டான் என்று டெசாகுலியர் சொன்னார். பின்னால் வந்தவர்கள் அவனை விளையாடப் போக ஆசைப்பட்ட சோம்பேறிப் பையன் ஆக்கினார்கள். அடுத்த கட்டமாக, 1718-ல் ஹென்றி பெய்ட்டன் என்ற எஞ்சினியர் அதைச் சீர்படுத்தினார் என்பது கதை. சிக்கல் என்னவென்றால், பெய்ட்டன் 1717-லேயே வரைந்த எஞ்சின் படம் ஒன்று இருக்கிறது. அதில் தானாக இயங்கும் வால்வு அமைப்பு முழுமையாகவே உள்ளது. பாட்டர் என்ற பெயர் மட்டும் காற்றிலிருந்து வரவில்லை. பிராம்ஸ்குரோவ் ஊரில் பாட்டர் குடும்பம் ஒன்று நிஜமாகவே எஞ்சின் கட்டும் தொழிலில் இருந்தது. அவர்களும் நியூகோமனைப் போலவே பாப்டிஸ்ட் என்ற புராட்டஸ்டண்டுச் சபையினர். டெவன் கடற்கரை வியாபாரியின் எஞ்சின் முதலில் இங்கிலாந்தின் நடுப்பகுதியில் போய் நின்றதற்கு இந்தச் சபைத் தொடர்பே பாலமாக இருந்தது. சபைப் பதிவேடுகளும் எஞ்சின் வரலாற்றுக்கு ஆதாரம் ஆவது இப்படித்தான்.

17-ஆம் நூற்றாண்டு விஞ்ஞானி ராபர்ட் ஹூக் கதையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது இன்னும் பெரிய மனிதர்கள் எழுதியதில் வரும். நியூகோமனுக்கு ஹூக் கடிதம் மூலம் வழிகாட்டினார் என்று 1797-ல் பிரிட்டானிகா கலைக்களஞ்சியத்தில் ஜான் ராபிசன் எழுதினார். ஹூக் இறந்து 90 ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது. ராயல் சொசைட்டியின் தாள்களில் ஆதாரம் இருப்பதாகச் சொன்னார். 20-ஆம் நூற்றாண்டில் எஞ்சினியரிங் வரலாற்றாளர் ரைஸ் ஜென்கின்ஸ் போய்த் தேடியபோது அப்படி எதுவும் அகப்படவில்லை. இருந்தாலும் இடைப்பட்ட காலத்தில் நூற்றுக்கணக்கான பக்கங்களில் அது உண்மையாகிவிட்டிருந்தது.

தேதிகள் பற்றி. இங்கிலாந்தில் 1752 வரை சட்டப்படி ஆண்டு மார்ச் 25-ல் பிறந்தது. ஆக 1715 பிப்ரவரி என்று ஓர் ஆவணத்தில் இருந்தால் நம் கணக்கில் அது 1716. நியூகோமன் பிறந்த ஆண்டு சில இடங்களில் 1663 என்றும் சில இடங்களில் 1664 என்றும் இருப்பதற்குக் காரணம் இதுவே: ஞானஸ்நானப் பதிவு பிப்ரவரி மாதத்தது. ஸ்காட்லாந்தோ 1600-லிருந்தே ஜனவரி முதல் தேதிக்கு மாறிவிட்டது. எல்லையின் இருபுறமும் நடந்த ஒப்பந்தங்களை வரிசைப்படுத்தும்போது இதை மறந்தால் ஒரு முழு ஆண்டு இடம் மாறிவிடும்.

தேடும் சொல்லிலும் ஒரு சூட்சுமம் உண்டு. அன்றைய ஆவணங்களில் "ஸ்டீம் எஞ்சின்" அபூர்வம், "ஃபயர் எஞ்சின்" என்றே எழுதுவார்கள். காலியின் பெயர் காவ்லி என்றும் வரும். எஞ்சினை அடையாளப்படுத்துவது குதிரைத்திறனால் அல்ல, சிலிண்டர் விட்டத்தால்.

இனி நான் முதலில் சொன்ன பணக் காகிதங்களுக்கு வருகிறேன், விஷயம் இங்கேதான் வளமாக இருக்கிறது. ஸ்காட்லாந்தில் எடின்பரோவுக்கு அருகே எட்மன்ஸ்டன் நிலக்கரிச் சுரங்கத்துக்கு 1725-ல் போட்ட உரிம ஒப்பந்தத்தின்படி, எட்டு ஆண்டுக்கு, ஆண்டுக்கு 80 பவுண்டு பங்குதாரர் குழுவுக்குக் கட்ட வேண்டும். எட்டு ஆண்டு என்பதை 1725-ஓடு கூட்டினால் 1733, சேவரியின் உரிமை முடியும் ஆண்டு! எஞ்சினை நிறுவிய செலவுப் பட்டியலும் கிடைத்திருக்கிறது, மொத்தம் ஆயிரம் பவுண்டுக்கு மேல். அந்தப் பட்டியல் 1808-ல் ராபர்ட் பால்ட் எழுதிய நூலில் அச்சாகிவிட்டதால் நாம் வீட்டிலிருந்தே படிக்கலாம். எந்தப் பாகம் எங்கிருந்து வந்தது, எதற்கு எவ்வளவு என்று பார்க்கும்போது, எஞ்சின் ஒரே பட்டறையில் பிறந்த பொருள் அல்ல, பல ஊர்களிலிருந்து கொண்டுவந்து சுரங்கத்து வாயிலில் கட்டி எழுப்பிய கட்டடம் என்பது புரியும்.

கம்பர்லாந்தின் வைட்ஹேவனில் லௌதர் குடும்பச் சுரங்கம் இன்னொரு புதையல். சர் ஜேம்ஸ் லௌதர் நாடாளுமன்ற உறுப்பினர், லண்டனில் இருப்பார், காரியஸ்தர்கள் வைட்ஹேவனில். அதனால் எல்லாமே கடிதத்தில் நடந்தது. 1715-ல் 17 அங்குலச் சிலிண்டர் எஞ்சினுக்கு ஒப்பந்தம் போட்டதிலிருந்து சங்கதிகள் வந்துகொண்டே இருக்கும். முதலாளி ஊரிலேயே வாழ்ந்திருந்தால் நமக்கு ஒரு வரிகூட மிஞ்சியிருக்காது.

கோல்புருக்டேல் வார்ப்பட ஆலையின் கணக்குப் புத்தகங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆரம்பத்தில் சிலிண்டர் பித்தளையில்தான் வார்த்தார்கள். 1722-லிருந்து அங்கே இரும்பில் வார்க்கத் தொடங்கியதும் விலை இறங்கியது, பெரிய சிலிண்டர்கள் சாத்தியமாயின. எந்தச் சுரங்கத்துக்கு எந்த ஆண்டு என்ன அளவில் போனது என்பதை விற்பனைப் பதிவிலிருந்தே பிடிக்கலாம். வரி ஆவணங்களும் அப்படியே. கார்ன்வாலில் நிலக்கரி கிடையாது, கடல் வழியே வர வேண்டும், அதற்குச் சுங்கம் உண்டு. 1741-ல் நாடாளுமன்றம் சுரங்கம் இறைக்கும் எஞ்சின்களுக்கு வாங்கிய நிலக்கரிக்குச் சுங்கத்தைத் திருப்பிக் கொடுக்கச் சம்மதித்த பிறகுதான் அங்கே எஞ்சின்கள் பெருகின. "கார்ன்வால்காரர்கள் ஏன் முதலில் தயங்கினார்கள்" என்ற கேள்விக்கு அவர்களின் மனப்பான்மையை ஆராய்வதைவிடச் சுங்கக் கணக்கைப் பார்ப்பது மேல்.

எஞ்சின்களின் திறனை ஒப்பிட வேண்டுமானால் 'டியூட்டி' என்ற கணக்கைப் பழகிக்கொள்ள வேண்டும்: ஒரு புஷல் (அன்று நிலக்கரியை அளந்த முகத்தல் அளவை) நிலக்கரியை எரித்து எத்தனை ராத்தல் தண்ணீரை ஓரடி உயர்த்தலாம் என்பது. எஞ்சினியர் ஜான் ஸ்மீட்டன் நியூகாசில் பக்கம் 15 எஞ்சின்களை அளந்தபோது சராசரி சுமார் 56 லட்சம் வந்தது. நுணுக்கமாகச் சோதித்து அவரே 1772-ல் லாங் பென்டனில் கட்டிய 52 அங்குல எஞ்சின் 94.5 லட்சம் கொடுத்தது. நியூகோமனின் அடிப்படை மாறவே இல்லை, கவனமாகக் கட்டியதற்கே இவ்வளவு வித்தியாசம். ஆனால் நியூகாசில் புஷல் 84 ராத்தல். கார்ன்வால் புஷல் 94. இரண்டு பகுதி எண்களை அப்படியே பக்கத்தில் வைத்தால் கார்ன்வால் எஞ்சின் எதுவும் செய்யாமலே 12 சதவீதம் உயர்ந்து தெரியும்.

கணக்கு என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டும் நம்ப முடியாது. 1811-ல் ஜோயல் லீன் கார்ன்வாலில் எஞ்சின்களின் டியூட்டியை மாதாமாதம் அச்சிட ஆரம்பித்தார், அது 1904 வரை நீடித்தது. வரலாற்றாளருக்குக் கிடைத்த வரம்தான். ஆனால் பெயர் அச்சில் வந்ததும் எஞ்சினியர்களுக்குள் போட்டி வந்துவிட்டது. 1835-ல் ஃபோவி கன்சால்ஸ் சுரங்க எஞ்சின் 12.5 கோடி தொட்டது என்பது ஒரு நாள் சோதனையில் வந்த எண். ஆண்டு முழுக்க ஓடிய சராசரியோடு அதைக் குழப்பக்கூடாது. புகழுக்காக எழுதியது எது என்ற கேள்வியைப் பேரேட்டிடமும் கேட்க வேண்டியிருக்கிறது.

வாட்டைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை, அவருக்கு ஆள் போதுமான அளவு இருக்கிறார்கள். ஒன்றை மட்டும் சொல்கிறேன். போல்டன் - வாட் நிறுவனம் எஞ்சினை விற்பதைவிட எரிபொருள் மிச்சத்தில் பங்கு வாங்கியது: பழைய எஞ்சினோடு ஒப்பிட்டு மிச்சமாகும் நிலக்கரியின் மதிப்பில் மூன்றில் ஒரு பங்கு. அதற்காக வீச்சுகளை எண்ணும் கருவியைப் பெட்டிக்குள் பூட்டித் துலாவில் மாட்டினார்கள். எவ்வளவு கடிதம், எவ்வளவு படம், எவ்வளவு சண்டை என்று யோசித்துப் பாருங்கள். அத்தனையும் பர்மிங்ஹாம் நூலகத்தில் பத்திரமாக இருக்கிறது. விளைவு, 18-ஆம் நூற்றாண்டின் எஞ்சின் வரலாறே வாட்டின் வரலாறு போலத் தோன்றுகிறது. ஆனால் ஜான் கனெஃப்ஸ்கி, ஜான் ராபி இருவரும் 1980-ல் வெளியிட்ட கணக்கெடுப்பின்படி அந்த நூற்றாண்டில் பிரிட்டனில் 2,000-க்கும் மேற்பட்ட எஞ்சின்கள் எழுந்தன. போல்டன் - வாட் பங்கு அதில் கால்வாசியை ஒட்டித்தான் வரும். மற்றவர்கள் காகிதத்தைப் பத்திரப்படுத்தவில்லை, அதனால் மறைந்துபோனார்கள்.

நேரில் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் எஞ்சின்களையே சாட்சியாகக் கொள்ளலாம். தெற்கு யார்க்ஷயரின் எல்சிகாரில் 1795-ல் கட்டிய நியூகோமன் வகை எஞ்சின் கட்டிய இடத்திலேயே நிற்கிறது. அப்படி நிற்பது அது ஒன்றுதான். 1923 வரை வேலை செய்தது. ஆனால் அதிலும் முதல் சிலிண்டர் 1801-ல் மாற்றப்பட்டது, மரத் துலாவுக்குப் பதில் 1836-ல் வார்ப்பிரும்புத் துலா வந்தது. டார்ட்மத்தில் காட்சிக்கு இருக்கும் எஞ்சின் கவன்ட்ரி கால்வாய்க் கரையிலிருந்து 1960-களில் பெயர்த்து வந்தது. கால்வாய்க்கும் அது கிரிஃப் சுரங்கத்திலிருந்து இரண்டாம் கையாக வந்ததுதான். பழைய எஞ்சின்களைக் கழற்றி விற்று வேறிடத்தில் கட்டுவது சாதாரண வழக்கம் என்பதால், ஊர் ஊராக எண்ணினால் ஒரே சிலிண்டரை இருமுறை எண்ணிவிடுவீர்கள். டட்லியின் பிளாக் கன்ட்ரி அருங்காட்சியகத்தில் 1986-லிருந்து இருக்கும் முழு அளவு மாதிரி, பார்னி படத்தை ஒட்டிக் கட்டியது. பர்மிங்ஹாமில் இருக்கும் 1779-ஆம் ஆண்டு ஸ்மெத்விக் எஞ்சின் வாட் வகை. ஹென்றி ஃபோர்டு ஒரு நியூகோமன் வகை எஞ்சினை அமெரிக்காவுக்கே கொண்டுபோய்விட்டார், அது டியர்பார்னில் இருக்கிறது.

பிரிட்டனுக்கு வெளியே தேட விருப்பம் இருந்தால், இன்றைய ஸ்லோவாக்கியாவின் நோவா பானியாவில் ஐசக் பாட்டர் 1722-ல் நிறுவியது, நியூ ஜெர்சியில் ஷைலர் செம்புச் சுரங்கத்துக்கு ஜோசையா ஹார்ன்புளோயர் கொண்டுபோய் 1755-ல் ஓட்டியது ஆகிய இரண்டும் நல்ல ஆய்வுப் பொருள்கள். பிரெஞ்சு படிக்கத் தெரிந்தால் 1739-ல் வந்த பிரெஞ்சு எஞ்சினியர் பெலிடோரின் தொகுதியில் அந்நாட்டு ஃப்ரேன் சுரங்க எஞ்சினின் மிகத் துல்லியமான வரைபடங்கள் உண்டு.

இங்கிருந்தே எவ்வளவு செய்யலாம் என்றால், நிறையச் செய்யலாம். சேவரி, டெசாகுலியர், பெலிடோர், 1827-ல் வந்த ஜான் ஃபேரியின் பெரிய நூல் எல்லாம் இன்டர்நெட் ஆர்கைவிலும் கூகுள் புக்ஸிலும் கிடைக்கும். ஃபேரியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் 1712-ஐப் பற்றி அவர் சொல்வது நூறு ஆண்டுக்குப் பிந்தைய பேச்சு என்பதையும் மறக்க வேண்டாம். 1920-ல் தொடங்கிய நியூகோமன் சொசைட்டியின் ஆய்விதழ்தான் இந்தத் துறையின் முதுகெலும்பு, கட்டணம் உண்டு. கனெஃப்ஸ்கி - ராபி கட்டுரை உங்கள் பக்கத்துப் பல்கலைக்கழக நூலகத்தில் ஜேஸ்டோர் என்ற ஆய்விதழ் இணையக் களஞ்சியம் இருந்தால் கிடைத்துவிடும். எந்தக் காகிதம் எந்தக் காப்பகத்தில் இருக்கிறது என்பதை பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையப் பட்டியலில் தேடலாம்.

"நீராவி எஞ்சினின் வரலாறு" என்று தலைப்பு வைக்காதீர்கள், முடிக்க மாட்டீர்கள். ஒரு சுரங்கம், ஓர் ஒப்பந்தம், அல்லது ஒரு படம் போதும். பார்னி படத்துக்கும் பெய்ட்டன் படத்துக்கும் உள்ள வேறுபாடுகளை வால்வு வால்வாக ஒப்பிடுவதே ஒரு முழுக் கட்டுரைக்குத் தாங்கும். காப்பகங்களுக்கு எழுதும்போது பட்டியலில் உள்ள குறிப்பு எண்ணையும் வேண்டிய ஆண்டையும் தெளிவாகக் குறிப்பிடுங்கள். "நியூகோமனைப் பற்றி இருப்பதெல்லாம் அனுப்புங்கள்" என்று கேட்டால் பயனுள்ள பதில் வராது, நகல் எடுக்கும் கட்டணமும் எகிறும். அதற்கு முன் ட்ரீவால்டின் சிறுநூலையும் டெசாகுலியரின் இரண்டாம் தொகுதியில் எஞ்சின் வரும் பக்கங்களையும் படித்து முடித்திருங்கள்.